கண்ணாடி பொருத்தப்படும் வரை

மோட்டார் வண்டி ஒவ்வொன்றிலும், பின்னால் வரும் வண்டிகள் ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரியும்படி கண்ணாடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் படித்த விதிகளில் இவ்வளவு குழப்பமற்றது வேறில்லை. எங்கள் ஜீப்பிலும் கண்ணாடி இருந்தது. பின்னால் வரும் வண்டி அதில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பின்னால் வந்தது எப்போதும் ஒரே வண்டி, எங்களுடையது.

அது ஒரு கேரவன். வெளிநாட்டுத் தர்ம ஸ்தாபனம் ஒன்று, மலைத்தோட்டங்களுக்கு நடமாடும் மருந்தகமாக இருக்கட்டும் என்று எங்கள் துறைக்குக் கொடுத்த சக்கர வீடு. அவர்கள் நாட்டில் அதைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கடற்கரை போவார்களாம். நாங்கள் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி வண்டிப்பெரியாரிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கும், மாதம் ஒருமுறை உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காட்டுக்கும் போனோம். தோட்டத்து ஜனங்கள் அதற்கு ஊசி வண்டி என்று பெயர் வைத்தார்கள். ஜீப்பைவிட அது இரண்டு பக்கமும் ஒரு முழம் அகலம். டிரைவர் கண்ணாடியைப் பார்த்தால் கேரவனின் முன்ஜன்னலில் தொங்கும் பூப்போட்ட திரை தெரியும். மூன்று வளைவுகளாக ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் பஸ் தெரியாது.

நான் அந்த ஆபீசில் ஹெட் கிளார்க். கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி மலையேறியவன். டிரைவர் உடும்பஞ்சோலைக்காரர், நல்ல கைகாரர், வாய்க்காரரும்கூட. இரண்டு பக்கமும் நீண்ட கை வைத்த கண்ணாடி வேண்டும் என்று அவர் கேட்டார். நியாயமான கோரிக்கை. கம்பத்தில் லாரிப் பட்டறைக்குப் போனால் ஒரே மதியத்தில் வெல்டு வைத்துத் தந்துவிடுவார்கள். ஆனால் அரசாங்க வண்டியில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். எனவே மாவட்ட ஆபீசுக்கு எழுதினேன்: கேரவனை இழுக்கும்போது நீட்டிப்புக் கண்ணாடி அவசியமா, அவசியமெனில் வாங்கிக்கொள்ளலாமா?

அப்போது மாவட்டம் இடுக்கி. அதன் ஆபீஸ் கோட்டயத்தில். மலைக்குச் சம்பந்தப்பட்ட எதையும் சமவெளியில் உட்கார்ந்து யோசிப்பதுதான் நிர்வாகம் என்று அப்போதே புரிந்துகொண்டேன். கண்ணாடி யோசிக்க வேண்டிய விஷயம் என்று அங்கே முடிவாயிற்று. யோசித்து முடிக்கும்வரை ஒரு மாற்று ஏற்பாட்டை உடனே அனுமதித்தார்கள். கேரவனின் பின்ஜன்னலில் ஓர் ஆள் உட்கார்ந்து சாலையைப் பார்த்து டிரைவருக்குத் தெரிவிக்க வேண்டியது. நீட்டிப்புக் கண்ணாடி பொருத்தப்படும் வரை, தற்காலிகமாக. இரண்டு கண்ணாடியைவிட ஓர் ஆள் மலிவா என்று யாரும் கேட்கவில்லை. சம்பளம் ஒரு தலைப்பு, உதிரிபாகம் வேறு தலைப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒழுங்கு மீறல்.

வந்த ஆள் முன்பு தனியார் பஸ்ஸில் கிளியாக இருந்தவர். வாசலில் தொற்றிக்கொண்டு, தகரத்தைத் தட்டி, ஊர் பெயர் கூவுகிறவனுக்குக் கேரளத்தில் அதுதான் பட்டம். முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டதால், இவர் மனைவி கொழுந்து பறிக்கும் கூலியில் மூன்று பிள்ளைகளோடு தோட்டத்து லயத்தில் ஒற்றை அறையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் முதல் வாரம் கேரவனின் சுவரைத் தட்டினார். இருமல் மருந்து பாட்டில்கள் அலமாரியிலிருந்து குதித்தன. வண்டியோடு வரும் டாக்டரம்மா தட்டக்கூடாது என்று தடை போட்டார். பிறகு கூரை மேலாக ஒரு கயிறு போய், ஜீப்புக்குள் டிரைவர் காதருகே ஒரு வெண்கல மணியில் முடிந்தது. ஒருமுறை அடித்தால் வண்டி வருகிறது, இருமுறை அடித்தால் ஒதுங்கு, மூன்று அடித்தால் நில்.

"மாட்டுக்குக் கழுத்துல மணி கெட்டுவாங்க. எனக்குக் காதுல கெட்டிட்டீங்களே சார்" என்றார் டிரைவர்.

"மாடு சொன்ன உடனே ஒதுங்கும் அண்ணாச்சி" என்றார் கிளி.

தொடர்ந்து மூன்று வருஷம் தற்காலிகமாக இருந்தவரை நிரந்தரமாக்கும் வழக்கம் அந்நாளில் எங்கள் துறையில் இருந்தது. கிளியின் மூன்றாம் வருஷம் ஒரு பங்குனிக் கடைசியில் முடியும். அதற்குள் கண்ணாடிக்குப் பதில் வந்துவிட்டால் அவர் திரும்ப லயத்து அறைக்குப் போக வேண்டியதுதான். வராவிட்டால் ஓய்வூதியம்வரை உத்தியோகம். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நான் எந்தத் தாளையும் ஒளித்துவைக்கவில்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை. நீட்டிப்பு என்பது எதிலிருந்து எதுவரை என்று கேட்டார்கள். படம் வரைந்து அனுப்பினேன். படத்தில் எது வலப்பக்கம் என்று கேட்டார்கள், குறித்து அனுப்பினேன். பின்னால் வரும் வண்டி தெளிவாகத் தெரிவதாகத் தாங்களே எழுதியிருக்க, விதி நிறைவேறிவிட்டதாகக் கொள்ளலாமா என்று ஒரு புத்திசாலி கேட்டான். கேட்ட கேள்விக்கு மட்டும், கூட்டாமல் குறைக்காமல் பதில் எழுதினேன். முறையாக எழுதப்பட்ட பதில் ஒவ்வொன்றும் அடுத்த கேள்வியைப் பெற்றுத் தரும்.

நடுவில் அவசரநிலை வந்தது. ஆபீஸ்களில் ஒழுங்கு வந்துவிட்டது, கோப்புகள் ஓடுகின்றன என்றார்கள். எங்கள் கோப்பும் ஓடிவிடலாம். நல்லவேளையாக மாவட்ட ஆபீஸே மூட்டை கட்டிக்கொண்டு பைனாவுக்கு மலையேறியது. லாரியில் ஏறிய எங்கள் கோப்பு, லாரியிலிருந்து இறங்கவில்லை. முதல் கடிதத்திலிருந்து நகல் எடுத்து மறுபடி ஆரம்பித்தோம். பொறுமையிழந்த டாக்டரம்மா, தன் செலவில் கண்ணாடி வாங்கித் தருவதாகச் சொன்னார். தனிநபரின் அன்பளிப்பை அரசு வண்டி ஏற்றுக்கொள்ள இன்னார் இன்னார் ஒப்புதல் வேண்டும் என்று விளக்கினேன். ஐந்தாவது இன்னாரில் அவர் எழுந்து போய்விட்டார்.

டிரைவர் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்குப் போய், இரண்டு கண்ணாடிகளை வெல்டு வைத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். திங்கள் காலை கிளி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டு பக்கமும் மாட்டிட்டாரு சார். இனி நான் எதுக்கு?"

டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். மூவரும் முற்றத்தில் ஜீப்பருகே போய் நின்றோம். உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு. சாலையில் போன பால்காரரின் சைக்கிள்கூட அதில் தெரிந்தது.

"ஏனுங்க, இது எந்த வவுச்சர்ல வாங்கினதுங்க?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"வவுச்சர் எதுக்கு சார்? என் கைக்காசு."

"அப்படீன்னா ஸ்டாக்குல ஏறலீங்க. ஸ்டாக்குல இல்லாத கண்ணாடி, கண்ணாடி இல்லீங்க."

"இந்தா இருக்குல்லா சார். ரோடு தெரியுதுல்லா."

"ரோடு தெரியலாமுங்க. கண்ணாடி இல்லீங்க."

டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளி, கயிற்றின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற கிளியைப் பார்த்தார்.

"இவனுக்கு இன்னும் எத்தன மாசம் சார்?"

"பங்குனி முடியோணுங்க."

டிரைவர் ஸ்பானரை எடுத்து அவரே கழற்றத் தொடங்கினார். கழற்றிக்கொண்டே கிளியிடம் சொன்னார்: "உத்தரவு வார வரைக்கும்தான்ல. அதுக்கு மேல என் காதுல ஒருதரம் மணி அடிச்சே, கயித்த அறுத்து உன் கழுத்துல கெட்டிருவேன்."

பங்குனி முடிந்து, மறுவருஷப் பங்குனியும் வந்துவிட்டது. நிரந்தரமாக்கும்படி நான் அனுப்பிய சிபாரிசு பைனாவில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கண்ணாடிக் கோப்பும் அதே மாடியில் இருந்தது. கையெழுத்து வராதவரை அவர் தற்காலிகம்தான். தினமும் தபால் பை வரும் நேரத்துக்குக் கிளி பின்ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் முற்றத்தில் நிற்பார். டிரைவர் அவரைப் பார்க்காத மாதிரி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்.

கடைசியில் ஒரே பையில் இரண்டு உறைகள் வந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எது எது என்று ஓரளவு தெரிந்தது. எந்த உறையை முதலில் திறக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். மெல்லியதைத் திறந்தேன். நிரந்தர உத்தரவு. வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, அமலாக்கி, கிளியை உள்ளே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். மை காய்வதற்குள் அவர் டிரைவரைத் தேடி முற்றத்துக்கு ஓடினார். அதன் பிறகு அடுத்த எண்ணைப் போட்டுத் தடித்த உறையைக் கிழித்தேன். நீட்டிப்புக் கண்ணாடி அவசியமே. உடன் வாங்கிப் பொருத்தவும். பொருத்தியதும் தற்காலிக ஆளை நீக்கவும்.

கண்ணாடி வாங்க ஆவன செய்யப்படுகிறது என்றும், உத்தரவில் சொல்லப்படும் தற்காலிக ஆள் எவரும் இவ்வலுவலகத்தில் இல்லை என்றும் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். வெளியே ஜீப்புக்குள் மணி தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன், அடித்தவர் டிரைவர். தேதி முத்திரையை மையில் ஒற்றிக் கடிதத்தின் தலையில் குத்தினேன். எழுபத்தெட்டாம் வருஷம், விஷுவுக்கு மறுநாள்.