தயாளன் கொட்டகையில் நீல மெஷின்

வெல்டிங்காரனுக்குக் கண் கெடுவது நெருப்பைப் பார்த்து என்று ஊரில் சொல்கிறார்கள். அடுத்த பட்டறைக்காரன் மெஷினைப் பார்த்துத்தான் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டோடு பட்டறை வைத்திருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கம் சுவர், மேலே சிமெண்ட் ஷீட், உள்ளே வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டில் ஓடும் எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் மெஷின் ஒன்று. அதுதான் என் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, டிராக்டர் கலப்பை என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது, தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆனி மாசம் வரைக்கும். நான் உரக்கப் பேசத் தெரியாதவன். பொறாமைப்பட்டாலும் சத்தம் வெளியே வராது.

கண்ணாடி போட்டுக்கோ

தயாளனும் நானும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. அவன் கொட்டகை ஏரிக்கரைப் பக்கம். அந்த ஆனியில் அம்பத்தூரில் ஏதோ ஒரு கம்பெனி பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது, ஒரு மிக் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் அதற்கு சி.ஓ.டூ மெஷின் என்று பேர். ராடு கிடையாது. உருளையில் சுற்றின கம்பி தானாக நீண்டு வரும். கூடவே கேஸ் வந்து உருகுகிற இரும்பின்மேல் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். கசடு தட்டுகிற வேலையே இல்லை.

எலுமிச்சம்பழமும் கையுமாகப் போய் நின்றேன். மெஷின் நல்ல நீலம். தயாளன் விசையை அழுத்தினான். தொடுத்த மல்லிகைச் சரம் மாதிரி வெல்டு விழுந்தது. "நல்லா கீது" என்றேன். அதுவே என் வாயிலிருந்து கஷ்டப்பட்டுத்தான் வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கண்ணாடி போட்டுக்கோ மச்சான். உன் கண்ணுக்கு இல்ல, என் மெஷினுக்கு!"

ட்ராலி கேட்டவர்

அடுத்த வாரம் பாலு சார் வந்தார். ரோட்டோரம் புதிதாக வந்த தொழிற்சாலையில் கேன்டீன் எடுத்திருப்பவர். சாப்பாட்டுப் பாத்திரம் தள்ளிக்கொண்டு போக மெல்லிசுத் தகட்டில் ட்ராலிகள் வேண்டும். இந்த வேலையை யாருக்குக் கொடுக்கிறாரோ அவர்தான் அடுத்தடுத்து வரப்போகும் கேன்டீன்களுக்கும் செய்வார் என்றார். எனக்கும் தயாளனுக்கும் ஆளுக்கொரு தகட்டுத் துண்டு கொடுத்து மாதிரி கேட்டார்.

கலப்பைக்குப் பிடிக்கிற ராடு அந்தத் தகட்டைத் தாங்குமா? வைத்த இடமெல்லாம் ஓட்டை. கரண்டைக் குறைத்துப் பார்த்தேன், வேகமாக இழுத்துப் பார்த்தேன். ஓட்டைகள் சின்னதாயின, அவ்வளவுதான். பாலு சார் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு ஓட்டை வழியாக என்னையே பார்த்தார். "இன்னாப்பா, இட்லி கொண்டு போவ ட்ராலி கேட்டா இடியாப்ப அச்சு செஞ்சிகினு வந்துகீற?"

தயாளனுடைய மாதிரி சுமாராகத்தான் இருந்ததாம், அங்கங்கே பொத்தலாம். அதனால் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆவணியில் தானே நேரில் வந்து, இரண்டு பேர் பட்டறையிலும் நின்று பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் எனக்கு ஒரு மிக் மெஷின் வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கலப்பைதான்.

கோணி

ஒருநாள் அந்தப் பக்கம் போனால், தயாளன் கொட்டகையைச் சுற்றிலும் கோணிப்பைகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தான். உள்ளே வெல்டிங் வெளிச்சம் மட்டும் ஊசி ஊசியாகத் தெரிந்தது. சாக்கு மறைப்புக்குப் பின்னால் ஏதோ வித்தை நடக்கிறது, நான் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது என்றுதானே இது? எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சைக்கிளை நிறுத்தி, "இன்னாத்துக்கு தயாளா இதெல்லாம்?" என்று கேட்டேன். கோணியை விலக்கித் தலையை மட்டும் நீட்டினான். "சும்மாதான் மச்சான். மூடு, மூடு, தெறந்து வெக்காத!"

பாரிமுனையில்

மெஷின் வாங்க பஸ் பிடித்துப் பாரிமுனைக்குப் போனேன். வெல்டிங் சாமான் கடையில் ஒரு பெரியவர். நரைத்த மீசை, காதில் பென்சில். "வாங்க தம்பி, என்ன வேலைக்கு மெஷின்?" என்றார்.

"தயாளன் வெச்சிருக்கறது இருநூத்தம்பது ஆம்ப்ஸ் சார். அதவிடப் பெரிசு வேணும்."

"தகடு எவ்வளவு கனம்?"

"மெல்லிசுதான். ஆனா தயாளனது நாலு சக்கரம் வெச்சது சார்."

"உங்க வீட்டுல த்ரீ பேஸ் கரண்டு இருக்கா?"

"தயாளன் வூட்டுல கீது."

பெரியவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "தம்பி, நான் உங்க வீட்டைப் பத்திக் கேக்கறேன். நீங்க தயாளன் வீட்டைப் பத்தியே சொல்லிகினு இருக்கீங்க."

லைன்மேன்

ஊருக்குத் திரும்பி லைன்மேனைக் கூப்பிட்டேன். அவர் கம்பத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பெரிய மெஷினுக்கு வேண்டிய த்ரீ பேஸ் லைன், ரைஸ் மில்லுக்காக இழுத்தது. மில்லுக்குப் பக்கத்தில் இருப்பதால் தயாளனுக்குக் கிடைத்தது. என் தெருவுக்கு வர மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். இருக்கிற கரண்டிலேயே பெரிய மெஷினை ஓட்டிப் பார்த்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஓட்டேன். தெருவுல அத்தனை பல்பும் அகல் வெளக்கா மாறும். அப்பறம் பொம்பளைங்க வந்து உன்ன வெல்டு வெச்சிடுவாங்க!"

மறுபடி பாரிமுனை. மெல்லிசுத் தகடு, சிங்கிள் பேஸ், மூன்று பக்கம் சுவர் என்று இந்தத் தடவை என் வீட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். பெரியவர் பின்கட்டிலிருந்து ஒரு சின்ன மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கிக்கொண்டு என்றால் ஒரே ஆள், ஒரே கையில்! அரிசி டின் அளவுதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. "வேலைக்குத்தானே வாங்கறீங்க?" என்றார் பெரியவர். "ஊர்வலத்துக்கு இல்லியே?"

சோடாக்கடை

மெஷின் வந்ததும் கேஸுக்கு எங்கே போவது? சோடாவில் அடைக்கிற கேஸ்தான் இதற்கும். சுங்குவார்சத்திரம் போகிற ரோட்டில் சோடாக்கடை வைத்திருக்கும் பாய்தான் தயாளனுக்கும் எனக்கும் கதி. பாலு சார் வருவதற்கு முந்தின நாள் போனேன். ஆவணி முகூர்த்தம், நிரம்பின சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தயாளனும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான், மறுநாள் காலையில் வருவானாம்.

எனக்கு அதில் கால்வாசி போதும். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முழு சிலிண்டரையும் சைக்கிளில் கட்டினேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார்: "நீங்க ரெண்டு பேரும் இப்டி தூக்கினு பூட்டா, கல்யாண வூட்டுல ஜனம் எப்டிப்பா ஏப்பம் வுடும்?"

ஃபேன்

பாலு சார் வருகிற அன்று ஆவணி வெயில் கொளுத்தியது. தயாளன் கொட்டகையில் ஃபேன் கிடையாது. அதிலாவது ஒரு படி மேலே இருக்கலாமே என்று சித்தப்பா வீட்டு ஸ்டாண்டு ஃபேனை வாங்கி வந்து, பாலு சார் உட்காரும் நாற்காலிக்கு நேராக வைத்தேன். மெஷின் நடுவில். காற்று மெஷினைத் தாண்டித்தான் அவருக்குப் போகும்.

முதல் வெல்டு பிடித்தேன். பார்த்தால் ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. நேற்று ராஜா மாதிரி ஓடிய மெஷின்! கம்பியை மாற்றினேன், கேஸைக் கூட்டினேன். மறுபடி ஆப்பம். பாலு சார் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தயாளன் வாசலில் வந்து நின்றான். கொஞ்சம் கேஸ் கேட்டு வந்திருக்கிறான். கேஸ் இல்லாமல் அவனால் மாதிரி செய்து காட்ட முடியாது.

என் தகட்டைப் பார்த்தான். சுவரோரம் சாய்ந்திருந்த சிலிண்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பேசாமல் திரும்பிப் போயிருந்தால் இரண்டு பேருக்கும் ட்ராலி இல்லை, கணக்கு நேராகியிருக்கும். அவன் உள்ளே வந்து ஃபேன் ஸ்விட்சை அணைத்தான்.

"காத்து கேஸை அடிச்சிகினு பூடுது மச்சான். ஏரிக் காத்துல எனக்கும் இதே கதிதான். அப்பறம்தான் கோணி கட்னேன்."

மூடு, மூடு என்று அன்றைக்கு அவன் கத்தினது காற்றுக்கு. நான் அதை என் கண்ணுக்கு என்று எடுத்துக்கொண்டு ஒரு மாசம் வெந்திருக்கிறேன். அடுத்த வெல்டு மல்லிகைச் சரமாக ஓடியது. தகட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை. பாலு சார் வேட்டி நுனியால் விசிறிக்கொண்டே எழுந்தார். "ட்ராலிய நீ செய்யி தம்பி. ஆனா இந்த ஆளு பக்கத்துலயே நின்னுகினு இருக்கட்டும்!"

சிலிண்டரை அன்று சாயங்காலமே நான்தான் ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாதி ட்ராலிகளை நீல மெஷின்தான் செய்தது. ஆனாலும் என் பட்டறையில், என் ஃபேன் ஸ்விட்ச், என் கண்ணுக்குப் படாமல் அவன் கண்ணுக்குப் பட்டதே என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.