அடமானத்தில் இருந்த மணவறை

வங்கிகளுக்கு அடமானப் பத்திரம் எழுதுவதுதான் என் தொழில். ஒரு கம்பெனி மூழ்கினால் முதலில் கரையேறுவது அடமானம் பிடித்த வங்கி. மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பல வருடமாக இதை மற்றவர்களுக்கு வெகு அமைதியாக விளக்கி வந்தேன். என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மணவறை வாடகைக்குத் தரவிருந்த கம்பெனி திவாலானது. வரிசையின் கடைசியில் இப்போது நான்.

தூண்கள், இரண்டு யானைச் சிலைகள், சிம்மாசனம் மாதிரி இரண்டு நாற்காலிகள், எல்லாமே வங்கிக்கு ஈடு. தோர்ண்டன் ஹீத்தில் அவை இருந்த களஞ்சியத்தைப் பூட்டிவிட்டார்கள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிக் குடுக்கிறாய், உன்ர மணவறையை எடுக்க ஏலாதோ?" என்றார் அம்மா. எனக்கு ரோசம் வந்துவிட்டது.

கம்பெனியைப் பொறுப்பெடுத்திருந்த நிர்வாகியிடம் கெஞ்சினேன். அவர் வங்கியைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: சாமான்கள் விற்றாகிவிட்டன, வாங்கியவரின் லொறி கல்யாண நாளான ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு வரும், அதுவரை வைத்திருக்கலாம், காவலுக்கு ஓர் அலுவலர் கூட வருவார். ஐயர் சொன்ன நல்ல நேரம் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை. பதினொன்றரைக்கே தாலி கட்டிவிட்டால் போயிற்று. ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கூறையை மறந்துவிட்டேன். மாப்பிள்ளை கொடுக்கும் கூறைச் சேலையை மணப்பெண் உள்ளே போய் உடுத்து வந்த பிறகுதான் தாலி. எங்கள் ஆட்களில் யாரும் அதைச் சொன்ன நேரத்துக்கு உடுத்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. கல்யாணம் நடந்த ஸ்ட்ரெதம் மண்டபத்தில் அவள் பதினொன்றே காலுக்கு உள்ளே போனாள்.

பன்னிரண்டுக்கு அலுவலர் பட்டியலைத் திறந்தார். மன்னிப்புக் கேட்டபடியே லொறி ஆட்களிடம் முதல் யானையைத் தூக்கச் சொன்னார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. இரண்டாவது யானை போனது, தூண்கள் போயின. முன்வரிசை மாமிமார் இதுவும் ஏதோ புதுச் சடங்கு என்று நினைத்துப் போனில் படம் எடுத்தார்கள். கடைசியில் என்னை எழுப்பிவிட்டு நாற்காலியையும் கொண்டுபோனார்கள். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நடுமேடையில் நின்றேன். இந்தக் கோலத்தைப் பார்த்தால் அவள் அப்படியே காரில் ஏறிப் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

கூறையோடு வந்தவள் மேடையைப் பார்த்தாள். வெறும் பலகை, ஓமகுண்டம், ஐயர், நான்.

"எல்லாத்தையும் பாங்க் கொண்டுபோட்டுது," என்றேன்.

"நீங்கள் நிக்கிறியள்தானே? கட்டுங்கோ," என்றாள்.

ஈடில்லாமல் ஒருவர் இன்னொருவரை நம்பியதை என் தொழிலில் நான் கண்டதே இல்லை. தாலியை எடுத்துக் கட்டினேன்.