சூடு பார்த்த கை

லேஸ் பின்னிக்கொண்டிருந்தபோது வெள்ளை நூலில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. பக்கத்தில் இருந்தவள் வெற்றிலை போடுகிறவள். அவள் எச்சில்தான் தெறித்துவிட்டது என்று நினைத்து, "கண்ணு மண்டைக்குப் பின்னாலயா இருக்கு ஒனக்கு?" என்று ஏசினேன். பிறகுதான் என் வலது சுண்டுவிரலில் ஊசி ஏறி நிற்பதைப் பார்த்தேன். ஊசி இருந்தது, வலி இல்லை.

நாகர்கோவிலில் ஒரு டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கோழி இறகால் கையைத் தடவினார். தொட்டால் சொல்ல வேண்டும். அவர் எப்போது தொடப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். தொட்டு முடித்துவிட்டதாகச் சொன்னார். பெருவியாதி, குஷ்டம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. தூர இருந்த ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைச் சொன்னார். கேட்டவுடனே புரிந்துவிட்டது.

இதை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தாம். அதனால் ஊரும் உறவும் எப்படி விலகின என்று எழுதிக்கொண்டிருக்கப் போவதில்லை. உங்கள் வீட்டில் நடந்ததுதான் என் வீட்டிலும் நடந்தது. கணவர் முன்பே இறந்திருந்தார். மகள் லில்லிக்குத் தானாகத் தலைபின்னத் தெரியாத வயது. தக்கலையில் அண்ணன் வீட்டில் அவளை விட்டுவிட்டு மாட்டுவண்டியில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். வாரந்தோறும் நீரடிமுத்து எண்ணெய் ஊசி (காட்டு மரமொன்றின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய், மலையோரத்தில் மரவெட்டி என்பார்கள்) போடுவார். எண்ணெய் கெட்டியானது. குத்திய இடம் கட்டிபோல வீங்கி நிற்கும். ஆனாலும் ஒரு வருஷம் கழிந்தபோது அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார்.

"புதுத் தேமல் இல்லை. புண்ணும் இல்லை. இப்படியே இருந்தால் மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம்."

அன்றிலிருந்து எனக்கு உலகத்தில் இருந்தது ஒரே வேலை: புண் வராமல் பார்த்துக்கொள்வது. புண் இல்லாவிட்டால் லில்லி. அவ்வளவுதான் கணக்கு.

ஊசி நாளில் நாங்கள் பெண்களெல்லாம் புன்னை மரத்தடியில் உட்கார்ந்து மருந்து பரிமாறிக்கொள்வோம். ஒருத்தி வல்லாரை என்பாள். கடற்கரைக்காரி ஒருத்தி உப்புத்தண்ணீரில் கிடந்தால் போதும் என்பாள். எதனாலும் யாருக்கும் குணமானதில்லை. இருந்தாலும் அடுத்த வாரமும் சொன்னோம், கேட்டோம். தன் உடம்பைப் பற்றி ஒருத்தி பேசும்போது முகம் சுளிக்காமல் கேட்பதற்கு எங்களை விட்டால் ஆளில்லை.

அங்கேதான் செல்லத்தங்கம் பழக்கமானாள். மயிலாடிக்காரி, கல் கொத்துகிறவர் மனைவி, அய்யாவழிக் குடும்பம். நான் வேதக்காரி, கிறிஸ்தவள். வெளியில் இருந்திருந்தால் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்திருப்போமோ என்னவோ. என்னைவிட இளையவள் ஆனாலும் எனக்குத் தலைவாரிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள்.

மழைக்காலம் முடிந்த சமயம் என் வலது முழங்கையின் உட்பக்கம் ஒரு நரம்பு கயிறுபோலத் தடித்து வலித்தது. விரலில் ஒன்றும் தெரியாது; முழங்கையில் உயிர் போகும். மரத்த கைக்கு ஏது வலி என்று கேட்கிறவர்களோடு வாதாடாதீர்கள். வந்தவர்களுக்குத் தெரியும்.

உப்பை வறுத்துக் கிழி கட்டி, உள்ளங்கையிலிருந்து மேலே ஒத்தடம் கொடுத்தால் நரம்பு இளகும் என்றாள் செல்லத்தங்கம். அவள் ஊரில் கல் தூக்குகிறவர்களுக்கு அப்படித்தான் செய்வார்களாம். சட்டியில் உப்பை வறுத்துக் கட்டினாள். தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு என் விரலிலும் தொட்டுக் காட்டினாள்.

"எக்கா, சூடு காணாது போல இருக்கு. இன்னும் ஒருக்கா சட்டியில வச்சு எடுக்கட்டா?"

"எனக்கும் ஒண்ணும் தெரியல்ல மக்கா. வச்சு எடு."

வைத்து எடுத்தாள். மறுபடியும் காணாது என்றாள். மறுபடியும் வைத்தாள். கடைசியில் என் உள்ளங்கையில் வைத்து நன்றாக அழுத்தினாள். முழங்கைவரை இதமாக ஏறியது. இவ்வளவு நாள் இது தெரியாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன். கிழியை எடுத்தபோது துணியோடு தோலும் வந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்போதும் வலிக்கவில்லை.

டாக்டரம்மா கட்டுப்போடும்போது கேட்டார். "சூடு யார் பார்த்தது?"

"நாந்தான் கையில வச்சுப் பாத்தேன்" என்றாள் செல்லத்தங்கம்.

"உன் கையிலா?"

கட்டைச் சுற்றி முடித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். ஏசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புண் உள்ளே இறங்கியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு போயின. அறுவடை முடிந்து அண்ணன் மனைவி பஸ் பிடித்து என்னை அழைத்துப்போக வந்தாள். எனக்கென்று ஒரு புதுச்சேலை கொண்டுவந்திருந்தாள். புண்ணோடு வெளியே விடமுடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் என் கட்டைப் பார்த்தாள்.

"ஆறட்டும். பெறவு பாப்போம். பிள்ளைக்கும் ஒரு கல்யாண காலம் வரணுமில்லா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சேலையைத் திரும்பக் கொண்டுபோனாளே, அதை நான் மன்னிக்கவில்லை.

அந்தப் புண் ஆறியபோது காலில் ஒன்று வந்தது. அது ஆறியபோது இன்னொன்று. வீட்டுக்குப் போகும் பேச்சு தானாக நின்றுவிட்டது. செல்லத்தங்கத்தை நான் மனதாரத் திட்டினேன், அவள் அழுதாள். மறுநாள் அவள் கையால்தான் கஞ்சி குடித்தேன். அவளைத் தள்ளிவிட்டு வேறு யாரிடம் போவது?

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மருந்து இது ஒன்றுதான்: மரத்த கையால் சூடு பார்க்காதீர்கள். உணர்ச்சி எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே வைத்துப் பாருங்கள். எனக்கு இடது கன்னம் இருந்தது. அதன்பிறகு எங்கள் இருவர் கஞ்சி, குளிக்கும் வெந்நீர் எல்லாவற்றுக்கும் என் கன்னம்தான். கிண்ணத்தை அவள் கொண்டுவந்து என் கன்னத்தில் ஒட்டுவாள். "சூடு" என்றால் வைப்பாள். "சரி" என்றால் குடிப்போம். சில வருஷம் அப்படி ஓடியது.

பிறகு கன்னமும் மரத்தது. இப்போது கஞ்சியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறோம். ஆவி அடங்கினால் மட்டும் போதாது, கிண்ணத்தின் விளிம்பில் ஓர் ஈ வந்து உட்காரவேண்டும். சுட்டால் ஈ உட்காராது. வீட்டில் இருந்த காலத்தில் ஈயைக் கண்டால் எனக்கு ஆகாது. இங்கே அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதிலேயே பாதிப்பொழுது போய்விடுகிறது. சூடாக எதையாவது சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

போன அறுவடையின்போது லில்லி வந்தாள். ஆஸ்பத்திரி வேலிக்கு அந்தப்பக்கம் நின்றாள். சேலை கட்டியிருந்தாள். கல்யாணம் பேசிவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டில், அம்மா செத்துப்போனதாகச் சொல்லியிருக்கிறார்களாம். மறைக்காமல் அவளே சொன்னாள். நல்லது என்றேன். இனி வரமாட்டாள் என்று தெரிந்ததால் அவள் முகத்தைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. மூக்கு அவள் அப்பாவுடையது.

செல்லத்தங்கம் என் தோளருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"எக்கா, கீழ பாருங்க. பிள்ள ஒங்க கையப் பிடிச்சிட்டு நிக்கா."

"எப்பம் பிடிச்சா?"

"வந்தப்பமே."

குனிந்து பார்த்தேன். வேலிக் கம்புகளுக்கு இடையே அவள் இரண்டு கையும் என் வலது கையைப் பொத்தியிருந்தன. பழைய வழக்கத்தில் அப்படியே சாய்ந்து, இடது கன்னத்தை அவள் கைமேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"ஒங்க கன்னம் சூடா இருக்கும்மா" என்றாள் லில்லி.