ஆமைக்கு நாலு குரல்

கோயில் பாடகர் குழு நடத்துகிறவனுக்கு முதலில் வேண்டியது சங்கீத ஞானம் அல்ல, முகத்தை மாற்றாமல் நிற்கும் பழக்கம். உங்களில் யாராவது இந்த வேலையில் மாட்டியிருந்தால் உடனே புரியும்.

மீன் வரிசை

சுனாமி கழிந்து நாலைந்து வருஷம் இருக்கும். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊர். கடல் உயிர்களைக் காப்பது பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்று பங்குத்தந்தை கேட்டார். நாலு குரலில் எழுதினேன். முதல் சரணத்தில் சாளை, கணவாய், நெத்திலி என்று மீன்கள் துள்ளி வரும். எனக்கே பிடித்திருந்தது. ஒத்திகையில் மீன் விற்கும் மரிய செல்வம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சுருதி எட்டவில்லையா என்று கேட்டேன்.

"சுருதி எட்டும் சாரே. சாளைக்கு வலை, கணவாய்க்குத் தூண்டி. ரெண்டையும் ஒரே வரியில எப்பிடிப் படிக்கது?"

பத்து நொடி

கடைசிச் சரணத்தில் ஒரு புதுமை செய்தேன். உயிர்கள் ஒவ்வொன்றாக அழிவது தெரியும்படி ஒவ்வொரு குரலாக நிற்கும். முடிவில் பத்து நொடி முழு மௌனம். திருவிழா மேடையில் பாடினோம். மௌனம் வந்தது. கூட்டம் அசையவில்லை. கண்ணை மூடி நின்றேன், உடம்பு சிலிர்த்தது. கண்ணைத் திறந்தால் மைக்செட்காரர் மேடையேறி ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். இறங்கியதும் என்னிடம் பொறுமையாகச் சொன்னார்.

"மைக்குல ஒரு கொறையும் இல்ல சாரே. ஒங்க ஆளுவதான் படிக்கல்ல."

அருளப்பனின் வலை

கனத்த அடிக்குரலுக்கு எங்களிடம் இருந்தது அருளப்பன் ஒருவர்தான். கடலுக்குப் போகிறவர், பாதி ஒத்திகைக்கு வர மாட்டார். ஒரு வாரம் தொடர்ந்து வந்தார். சந்தோஷப்பட்டேன். பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். அவர் வலையில் பெரிய ஆமை ஒன்று சிக்கி மூச்சுக்குத் திணறியதாம். பிரித்தெடுக்க நேரமில்லை என்று வலையை ஆள் நீளத்துக்கு அறுத்து அதை விட்டுவிட்டார். வலை சரியாகும்வரை கடலுக்குப் போக முடியாது.

அந்தப் பாட்டின் அடிக்குரலில் ஆமையைக் காக்கச் சொல்லி ஒரு வரியை வீட்டில் உட்கார்ந்து எழுதியவன் நான். அருளப்பனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னேன். அவர் பாட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம அந்த வரியப் படிக்கது நான்லா சாரே. கொன்னுட்டு வந்து எப்பிடி வாயத் தெறக்கது?"

பிலோமினா

மறுநாள் அவர் மனைவி பிலோமினா வீட்டுக்கு வந்தார். அறுந்த வலைக்காகச் சண்டைக்குத்தான் என்று நினைத்து நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. அடுத்த பாட்டு எதைப் பற்றி என்று விசாரித்தார். சுறாவைப் பற்றி என்றேன்.

"சுறா இருக்கட்டு சாரே. இனி மரத்தப் பத்தி எழுதுங்க."

இயற்கையைக் காக்கப் பாட்டு எழுதும் நண்பர்களே, கடலுக்குப் போகிறவர்களைக் குழுவில் சேர்ப்பதில் ஒரே ஒரு சிக்கல்தான், நாம் எழுதியதை அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.