தப்போட அனுப்புங்க அக்கா

போன வியாழக்கிழமை காலை, எங்கள் குரோம்பேட்டை அப்பார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் க்ரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. தண்ணி லாரி வந்துவிட்டதா, லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்கிற க்ரூப் அது. திறந்து கேட்டால்... சாக்ஸபோன்!

வாசித்தது என் மனைவி மாலதி. சாக்ஸபோன் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்குப் போக வேண்டியதை மொத்த அப்பார்ட்மென்ட்டுக்கும் அனுப்பிவிட்டாள்.

சிரிக்காதீர்கள். கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

மாலதி நன்றாகப் பாடுவாள். நவராத்திரி வந்தால் எங்கள் அப்பார்ட்மென்ட் கொலுவில் அவள் பாட்டுதான். சில வருஷங்களுக்கு முன்பு தைராய்டு ஆபரேஷன். உடம்பு தேறியது, குரல் தேறவில்லை. பேசலாம், பாட வாயெடுத்தால் காற்றுதான் வரும். அதிலிருந்து கொலு என்றாலே தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்வாள். யாராவது ‘ஒரு பாட்டு’ என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம்.

போன வருஷம் திடீரென்று, சாக்ஸபோன் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். முதலில் தாம்பரத்தில் ஒரு மாஸ்டர். நல்ல வித்வான், சந்தேகமே இல்லை. ஆனால் கொஞ்சம் பிசிறடித்தால் போதும் – நிறுத்து, முதலிலிருந்து! மாதக்கணக்கில் ஒரே ஸ்வரத்தை ஊதினாள். ஒரு நாள் அவர், இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டார். ரயிலில் அழுதுகொண்டே வந்தாள்.

அப்புறம் கிடைத்தவர்தான் பம்மல் ஜோயல். சர்ச்சில் வாசிக்கிறவர், முப்பது வயசு இருக்கும். மாலதியின் கதையை முழுசாகக் கேட்டார்.

“நீங்க மனசுக்குள்ள பாடுங்க அக்கா. வெளிய வர்றத சாக்ஸ் பாத்துக்கும்” என்றார்.

கூடவே ஒரு கண்டிஷன். தினமும் காலையில் வாசிப்பதை ரெக்கார்ட் செய்து அனுப்ப வேண்டும். ஒரே டேக். அழித்துவிட்டு மறுபடி வாசிக்கிற வேலையே கூடாது.

“தப்போட அனுப்புங்க அக்கா. தப்பே இல்லன்னா அப்புறம் நான் எதுக்கு?”

தப்பைக் கண்டுபிடிக்க எல்லா வாத்தியாருக்கும் தெரியும். தப்போடு வா என்று கூப்பிட எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்?

சரி, ஃப்ளாட்டில் சாக்ஸபோன் வாசித்தால் சும்மா விடுவார்களா? காலையில் யார் வீட்டில் ஹாரன் அடிக்கிறார்கள் என்று கீழ் வீட்டு சேகர் சார் க்ரூப்பில் கேட்டார். மாலதி ஆடிப்போய்விட்டாள். அதற்கும் ஜோயல்தான் வழி சொன்னார். பீரோவைத் திறந்து வைத்து, தொங்குகிற புடவைகளைப் பார்த்து வாசிக்க வேண்டுமாம். துணி சத்தத்தைக் குடித்துவிடுமாம். அன்றிலிருந்து என் மனைவியின் கச்சேரி பட்டுப்புடவைகளுக்கு மட்டும்தான். வெளியே யாருக்கும் கேட்காது என்று நிம்மதியாக இருந்தாள்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம். டெலிட் பண்ணுவதற்குள் பாதிப் பேர் கேட்டாகிவிட்டது. மாலதி சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

“போதும்ங்க. யாருக்காவது குடுத்துடலாம்.”

குரல் போனபோதுகூட அவள் இப்படிப் பேசியதில்லை. காபி போடுகிறேன் பேர்வழி என்று எழுந்தேன்.

போன் சிணுங்கியது. க்ரூப்பில் சேகர் சார். போச்சுடா என்று நினைத்தேன்.

“மேடம், பாட்டு மேல ஏறுற இடத்துல டெய்லி தடுக்கும். இன்னிக்கு ஏறிட்டீங்க! நானும் வொய்ஃபும் டெய்லி காபியோட இதுக்காகத்தான் வெயிட் பண்ணிட்டிருந்தோம். இந்த வருஷம் கொலுவுல நீங்கதான் வாசிக்கணும்.”

ஆக, புடவைகள் எதையும் குடிக்கவில்லை. ஜன்னல் வழியாக அத்தனையும் கீழே இறங்கியிருக்கிறது. ஹாரன் என்றவர் எந்த நாளில் ரசிகரானார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

மாலதி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அழுதாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டைப் செய்தாள்.

“தப்பு வரும் சார். பரவாயில்லையா?”

பதில் உடனே வந்தது.

“இத்தனை மாசமா தப்போடதானே கேட்டுட்டிருக்கோம்? வாங்க மேடம்.”