பொம்மையின் இடது கன்னம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிறவள் நான். இதையும் நீங்கள் நம்பவேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் ஆரணியில் போர்டு எழுதும் பெயிண்டர். ஒரு பட்டுப்புடவைக் கடையில் ஷோகேஸில் புடவை கட்டி நிற்கும் ஆளுயர பிளாஸ்டிக் பொம்மைகள் மூன்று வெயிலில் வெளுத்துப்போக, மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பிரைமர் அடித்து, புதுசாக முகம் வரைந்தார். மூன்றுக்கும் ஒரே முகம். பெரிய கண், லேசாகப் பிதுங்கிய கீழுதடு, அப்படி ஒரு அழகு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னை நிமிர்ந்து பார்க்காத மனுஷன் அந்தக் கன்னத்துக்கு ரோஸ் பூசப் பாதி நாள் உட்கார்ந்திருந்தார். யார் இவள் என்று கேட்டால் சிரிப்பார். முள்ளிப்பட்டுக்கு வேலைக்குப் போனபோது எவளையோ பார்த்திருக்கிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அவர் பெரணமல்லூர் போயிருந்தார். உப்புத்தாளை எடுத்து ஒரு பொம்மையின் இடது கன்னத்தைக் கை வலிக்கத் தேய்த்தேன், அப்போதும் ஆத்திரம் தீராமல் அதன்மேல் கட்டைவிரலால் பிரைமரை அப்பினேன்.

சாயங்காலம் வந்தவர் பார்த்தார். திட்டவில்லை.

"உன் மூஞ்சிய நீயே தேச்சிகினியேடி," என்றார்.

சமாளிக்கிறார் என்று நினைத்து, கண்ணாடியை எடுத்துவந்து பொம்மை பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது நான்தான். தினமும் கண்ணாடி பார்த்துத் தலைவாருகிற எனக்கு ஒரு வாரமாய் அது ஏன் தெரியவில்லை? வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், சுவரில் எங்கள் கல்யாண போட்டோவில் என் இடது கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை. காலையில் அது இல்லை. சட்டத்தைக் கழற்றித் துடைத்தோம், போகவில்லை.

ஈரம் பட்டிருக்கும் என்பீர்கள், சரி. அதற்கப்புறம் எடுத்த ஒவ்வொரு போட்டோவிலும் அந்த வெள்ளை இருக்கிறதே, நேரில் பார்த்தால் ஒன்றும் இல்லையே. ஸ்டூடியோக்காரர் வெளிச்சம் என்றார். போன மாதம் என் மகள் செல்போனில் எடுத்துவிட்டு, "கன்னத்துல பவுடர் அப்பிகினு இருக்கும்மா, தொடச்சிக்கோ," என்றாள். நானும் துடைப்பதுபோல் துடைத்தேன்.

அந்தப் பொம்மையின் கன்னத்தை மட்டும் அவர் மறுநாளே சரிசெய்துவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.