ஜெராக்ஸின் சொந்த ஆட்டம்

தொப்... தொப்... தொப்.

முன்னறையிலிருந்து பந்து தட்டும் சத்தம். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். இன்று யார்?

அவளுக்குச் சத்தமே போதும். இடக்கைக்காரன் என்றால் தட்டல் தரையை ஒட்டி விழும். உயரக்காரன் என்றால் மேசையில் தம்ளர் அதிரும். வேகக்காரன் என்றால் மாமியார் "டேய், தலை வலிக்குதுடா" என்று கத்துவாள். ஆனால் இன்றைய தட்டல் நிதானமாக, இரண்டுக்கு ஒருமுறை சின்ன இடைவெளி விட்டு வந்தது. கல்யாணமான புதிதில் கேட்ட சத்தம்.

அது அவள் புருஷனின் சொந்தத் தட்டல். சீசன் தொடங்கியதிலிருந்து அவள் அதைக் கேட்டதே இல்லை. வெங்காயக் கை என்பதை மறந்து கண்ணைத் துடைத்தாள். கண் இன்னும் பொங்கியது.

அவன் கூடைப்பந்து அணியில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரன்தான். ஆனால் பெஞ்சின் கடைசி ஆள். அடுத்து எந்த அணியோடு மோதுகிறார்களோ, அந்த அணியின் நட்சத்திரத்தை வீடியோவில் பார்த்துப் பார்த்து, அவனைப் போலவே ஓடி, அவனைப் போலவே எறிய வேண்டும். பயிற்சியில் மற்றவர்கள் இவனை மடக்கிப் பழகுவார்கள். ஆட்டத்தன்று இவன் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு கை தட்டுவான். அணியில் இவனுக்கு ஜெராக்ஸ் என்று பெயர்.

வேஷம் வீடுவரைக்கும் வரும். இடக்கைக்காரன் வாரத்தில் பல் துலக்குவதும் இடக்கையால்தான்.

"நான் கழுத்தை நீட்டினது ஒருத்தனுக்கு. வாரத்துக்கு ஒருத்தன் வீட்டுக்கு வர்றான்" என்பாள்.

"அதுல எவன் தேவலை?"

"போன மாசம் ஒருத்தன் வந்தானே, பாத்திரம் கழுவினானே, அவன். திரும்பி வரவே இல்ல."

சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. அவனுக்கு வயது முப்பத்து நாலு. ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்? அடுத்தவன் ஆட்டத்தையே ஆடியவனின் சொந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதே!

முந்தாநாள்தான் கடைசி ஆட்டம். இரண்டு பேர் ஆளுக்கு ஐந்து ஃபவுல் செய்து, விதிப்படி வெளியேறிவிட்டார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கோச் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். "ஜெராக்ஸ், எழுந்திரு."

பாவி மனுஷன், பதற்றத்தில் தப்பாக ஓடிவிட்டான். வாரம் முழுக்க எதிரணியின் இடக்கைக்காரனாகவே ஆடிய கால்கள், அந்த இடக்கைக்காரன் நிற்க வேண்டிய மூலைக்கே அவனை இழுத்துப் போயின. "எங்கடா போற?" என்று சொந்த அணியே கத்தியது. அதே நொடியில் எதிரணிக்காரன், தங்கள் இடக்கைக்காரன் அங்கே நிற்பான் என்று நம்பி, அந்த மூலைக்குப் பார்க்காமலே பந்தை வீசினான். பந்து நேராக இவன் கையில்! தனியாகப் பறந்து போய்க் கூடையில் போட்டான். அணி ஒரு புள்ளியில் ஜெயித்தது. ஆனாலும் அணிக்கு ஐந்தாம் இடம்தான். அடுத்த சுற்று முதல் நான்கு அணிகளுக்கு மட்டும்.

வாசலில் மணி அடித்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மாமியார் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, உங்க கோச்சுடா!"

முன்னறையில் பந்து நின்றது.

அணியில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. வைத்துக்கொள்ளும் ஆளுக்குப் போன் வரும். அனுப்பிவிடும் ஆளின் வீட்டுக்குக் கோச்சே நேரில் வருவார். டீ குடிப்பார். கப் காலியானதும் விஷயத்தைச் சொல்வார்.

அவள் கப்பை விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்தாள். அவர் பாதி குடித்ததும் மறுபடி நிரப்பினாள். மாமியாரும் புரிந்துகொண்டாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா, பாவம், தூரத்துலேருந்து வந்திருக்கார்."

மூன்றாவது முறை கோச் கப்பைக் கையால் மூடினார். "தங்கச்சி, இதுக்கு மேல ஊத்தினா நான் இங்கயே பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான்."

யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லிடுங்க சார்" என்றான் அவன். "தப்பாத்தான் ஓடினேன். எனக்கே தெரியும்."

"தப்பாத்தான் ஓடின. அப்படித் தப்பா ஓட இந்த அணியில வேற எவனாலப்பா முடியும்?" கோச் மிச்சத்தைக் குடித்துவிட்டுக் காலிக் கப்பைக் கீழே வைத்தார். "நான் வீட்டுக்கு வந்தா பிரிவு சொல்லத்தான் வருவேன். அது மாறல. ஆனா போறது நீ இல்ல. நான்."

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அஞ்சாம் இடம் பத்தாதுன்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. சரிதான். போறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டேன். நீ ஆடினதை மானேஜருக்கு வீடியோல போட்டுக் காட்டி, இவன விட்டுடாதீங்கன்னேன். இன்னிக்குக் கூப்பிடுறேன்னிருக்கார். போனை எடு."

அவன் குழந்தை மாதிரி கேட்டான்: "புது கோச் யாரை மாதிரி ஆடச் சொல்வார் சார்?"

"உன்னை மாதிரிதான்டா, மடையா!"

அழுதது மாமியார்தான் முதலில். "நீங்க எங்க போவீங்க தம்பி?"

"பொண்ணுங்க காலேஜ் டீம் ஒண்ணு கூப்பிட்டிருக்கும்மா. விடியக்காலையிலயே பயிற்சியாம், தூக்கம் போச்சு, போங்க."

வாசலில் குனிந்து அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே போன் அடித்தது. அவன் போனையும் பார்த்தான், அவரையும் பார்த்தான். இரண்டடி முன்னே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"அடிச்சு ஓஞ்சிடப் போவுதுப்பா. போ." கோச் மெதுவாகக் கையை உருவிக்கொண்டார்.

"போங்க, எடுங்க" என்று புருஷனை உள்ளே தள்ளினாள் அவள்.

தெருவின் முதல் திருப்பத்தில் கோச் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அவர் தலை மறையும்வரை நின்றாள். உள்ளே புருஷனின் குரல், அவனுடைய குரலேதான், "ஹலோ" என்றது.

கதவைச் சாத்தினாள்.